ஐந்தாம் வகுப்பும் ஆப்தவாக்கியமும்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தது முதல் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடியும்வரை நீளும் முதற்பருவத்தில், தமிழ்நாட்டு ஐந்தாம் வகுப்புக் குழந்தை கற்றுக்கொள்ளும் விஷயங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றுள் எவையெவை அது தானே கண்டறிந்தவை, எவையெவை பிறர் சொல்லக் கேட்டு ஒப்புக்கொண்டவை என்ற வினா, தத்துவ விசாரத்தில் சற்றேனும் பழகியவர்களுக்குத் தோன்றாமல் போகாது. பின்னங்களைக் கூட்டுவதை அது தன் கையாலேயே செய்து பார்க்கிறது. அதில் யார் வாக்கையும் நம்பவேண்டியதில்லை. இருதயம் துடிப்பதையும் மார்பில் கைவைத்து அறிந்துகொள்ளலாம். ஆனால் அங்கிருந்து புறப்பட்ட ரத்தம் உடலெங்கும் ஓடி மறுபடி அங்கேயே வந்து சேருகிறது என்பதை எந்தக் கையை எங்கே வைத்தும் அறிய முடியாது. அசோகன் என்று ஒரு சக்கரவர்த்தி இருந்தான் என்பதோ முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பூமி ஓர் உருண்டை என்றும், அது நாளுக்கொரு முறை தன் அச்சில் சுழன்றுகொண்டே 365¼ நாட்களில் சூரியனைச் சுற்றி வருகிறது என்றும் சமூக அறிவியல் பாடம் சொல்லுகிறது. குழந்தை காண்பதோ இதற்கு நேர் விரோதம்: பூமி பரந்து, அசையாமல் கிடக்கிறது, சூரியன்தான் கிழக்கே எழுந்து மேற்கே இறங்குகிறது. பத்து வயதில் தன் கண்ணையே தள்ளி வைத்துவிட்டு வாத்தியாரின் வாய்ச்சொல்லை ஏற்கிறதே, இதை அறிவு என்பதா, நம்பிக்கை என்பதா?

நம் முன்னோருக்கு இது புதிய வினா அன்று. மணிமேகலையில், வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகளின் திறமெல்லாம் கேட்கப் புகுந்த அந்தப் பெண்ணுக்கு முதலில் எதிர்ப்படும் வைதிகனான அளவைவாதி, கடவுளைப் பற்றியோ மோட்சத்தைப் பற்றியோ பேச்சை எடுக்கவில்லை. ஒன்றை அறிவதற்கு உரிய பிரமாணங்கள் எத்தனை என்பதைத்தான் விரித்துரைக்கத் தொடங்குகிறான். காவிய ரசனையோடு படிக்க வருகிறவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. உலகாயதன் கண்ணாற் கண்டதை மட்டுமே ஒப்புவான். பௌத்தனும் வைசேஷிகனும் பிரத்தியட்சம், அனுமானம் என்ற இரண்டோடு நிற்பார்கள். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியர் காண்டல், கருதல், உரை என்ற மூன்றினுள் எல்லாவற்றையும் அடக்குவார். நையாயிகருக்கு நான்கு, பாட்ட மீமாம்ஸகருக்கும் அத்வைதிகளுக்கும் ஆறு. எண்ணிக்கையில் இத்தனை வேற்றுமை இருந்தும், பெரும்பாலோருடைய பட்டியலில் பிறர் வாய்ச்சொல்லுக்கு, அதாவது சப்தப் பிரமாணத்துக்கு, தனி ஆசனம் ஒன்று இருக்கிறது. கேட்டு அறிவதும் அறிவுதான் என்பது அவர்கள் துணிபு. ஆனால் யாரிடம் கேட்டு என்பதில் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள்.

கௌதமருடைய நியாய சூத்திரம், ஆப்தனுடைய உபதேசமே பிரமாணமாகும் என்று வரையறுக்கிறது. ஒரு பொருளைத் தானே நேரில் உணர்ந்தவனாய், உணர்ந்தபடியே பிறர்க்கும் உணர்த்தவேண்டும் என்ற விருப்பம் உடையவனாய் இருப்பவனே ஆப்தன் என்று பாஷ்யகாரராகிய வாத்ஸ்யாயனர் அதை விளக்கி, அதோடு நில்லாமல், இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். குலமும் தேசமும் ஆப்தத்தன்மைக்குச் சான்று ஆகா என்று அத்தனை பழங்காலத்திலேயே, சர்வசாதாரணமான ஒரு செய்தியைச் சொல்வதுபோல எழுதிவிட்டுப் போன அந்த மனிதருடைய திடசித்தத்தை எத்தனை முறை வியந்தாலும் தகும்.

இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் நம் டீச்சரின் நிலை சற்றுச் சங்கடமானதுதான். பூமி சுழல்வதை அவரும் கண்டவரல்லர். ஆசிரியப் பயிற்சியில் படித்தார், அதற்கு முன் தம் டீச்சரிடம் கேட்டார். பொருளை நேரில் உணர்ந்தவன் என்ற முதல் நிபந்தனையை இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி நிறைவேற்றுகிறது என்று தேடிக்கொண்டு போனால் வெகுதூரம் போகவேண்டியிருக்கும். குழந்தை இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. தோன்றிய அறிவு தன்னளவிலேயே பிரமாணம், வேறோர் அறிவு வந்து அதைப் பாதிக்கும்வரை அதைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்பது மீமாம்ஸகர் கொள்கை. பத்து வயதுக் குழந்தை பிறவியிலேயே மீமாம்ஸகன். அறிவின் உண்மை வெளியிலிருந்து உறுதிப்பட வேண்டும், அதைக்கொண்டு காரியம் செய்து பார்க்கும்போது பலித்தால்தான் அது மெய் என்று வாதிக்கும் நையாயிகன், குழந்தைக்குள்ளே எப்போதாவதுதான் விழித்தெழுகிறான்.

அவன் விழிப்பதைச் செங்கற்பட்டுப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் காணும் பேறு எனக்கு வாய்த்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மேஜைமேல் இருந்த உலக உருண்டையில் சென்னை இருக்கும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, ஒரு பையன் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து, உருண்டையை மெல்லத் திருப்பிப் பகலும் இரவும் மாறி வருவதை டீச்சர் காட்டிக்கொண்டிருந்தார். புள்ளி இருட்டுக்குள் போனபோது பிள்ளைகள் ‘ராத்திரி!’ என்று கூவினார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கூவவில்லை. ‘டீச்சர், பூமி சுத்துதுன்னா, நான் எகிறிக் குதிச்சா அதே எடத்துலதானே வந்து நிக்கிறேன்? பூமி நகந்து போயிருக்கணுமே?’ என்றாள். டீச்சர் உடனே விடை சொல்லவில்லை. ‘நல்லாக் கேட்டம்மா’ என்று, அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு, ‘இத யாரும் அழிக்கக் கூடாது, பஸ்ல போறப்ப காசைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுப் பாத்துட்டு வாங்க’ என்றார்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திராது. அவள் கேட்டது வராகமிகிரர் கேட்ட கேள்வி. 499-இல் ஆரியபடர், பூமியே சுழல்கிறது, நட்சத்திரங்கள் மேற்கே செல்வதாய்த் தோன்றுவது படகில் போகிறவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கிப் போவதாய்த் தோன்றுவது போன்றதே என்று எழுதினார். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த வராகமிகிரர், அப்படியானால் வானில் எழும்பிய பறவை தன் கூட்டுக்கு எவ்வாறு திரும்பும் என்று மறுத்தார். ஆரியபடரைப் போற்றிய உரைகாரர்களே பலர், குருவின் சொல்லுக்கு இழுக்கு வராதபடி, பூமியின் சுழற்சியை வேறு பொருள் பண்ணி மழுப்பினார்கள். ஆப்தருடைய வாக்கை அவருடைய பக்தர்கள் காப்பாற்றிய விதம் அது. வராகமிகிரருடைய எதிர்ப்பே மேலான மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, நியாய சூத்திரம் செய்யும் மற்றொரு பகுப்பைக் கவனிக்கவேண்டும். ஆப்தவாக்கியம் இருவகை: இங்கேயே கண்டு சரிபார்க்கக்கூடிய பொருளைச் சொல்வது திருஷ்டார்த்தம், சுவர்க்கம், புண்ணியம் போன்று இங்கே காணமுடியாத பொருளைச் சொல்வது அதிருஷ்டார்த்தம். இவ்விரண்டின் எல்லையைச் சங்கரர் எத்தனை கறாராகக் காத்தார் என்பதைக் கீதா பாஷ்யத்தின் இறுதி அத்தியாயத்திலே காணலாம். நெருப்புக் குளிர்ந்திருக்கும் என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அவை அந்த விஷயத்திலே பிரமாணம் ஆகமாட்டா என்பது அவர் கட்சி. பிரத்தியட்சத்தின் வீட்டுக்குள் வேதம்கூட அதிகாரம் செலுத்த முடியாது. ராகு சந்திரனை விழுங்குகிறான் என்று பாட்டி சொல்வது திருஷ்டார்த்தம். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிடலாம். வந்தவருக்குச் சோறிட்டபின் உண்பது புண்ணியம் என்று அதே பாட்டி சொல்வது வேறு ஜாதி வாக்கியம். அதற்கு மொட்டை மாடியில் சாட்சி இல்லை.

நம் பள்ளிக்கூடங்களின் மேல் எனக்குள்ள வழக்கு இதுவே: அவை திருஷ்டார்த்தத்தை அதிருஷ்டார்த்தம் போலக் கற்பிக்கின்றன. முற்றத்துக்கு வந்து பார்க்கக்கூடியதை, மறுமையைப் போலக் கண்ணுக்கெட்டாத பொருளாக்கி, மனனம் செய்து ஒப்பிக்கச் சொல்லுகின்றன. யார் சொன்னாலும் ஆராய்ந்து கொள்ளச் சொல்லும் குறளையே, ஆராயாமல் உருப்போட்டு, பொருளையும் உருப்போட்டு இரண்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். வீடுகளிலோ இதற்கு நேர்மாறான பிழை நடக்கிறது. சாமிக்குத் தேங்காய் உடைத்தால் கணக்கில் தேறுவாய் என்று, காணமுடியாததை விடைத்தாளில் காட்டுவதாய் வாக்களிக்கிறார்கள்.

முற்றத்துக்கு வருவது கடினமான காரியமும் அன்று. ஆகஸ்டு 18 வாக்கில், முதற்பருவத்தின் நடுவிலேயே, சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்கிறார்கள். பகல் 12 மணி 13 நிமிட அளவில், செங்குத்தாய் நட்ட கோலின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர்க் கோல், அவ்வூர் உச்சிவேளையில், ஏறக்குறைய 9 செ.மீ. நிழலைத் தெற்கு நோக்கி வீழ்த்தும். அங்குள்ள பள்ளியோடு தொலைபேசியில் பேசி, கோலையும் நிழலையும் அளவு மாற்றித் தாளில் வரைந்து, கோணமானியை வைத்துப் பார்த்தால் 5 பாகை. வட்டம் முழுவதற்கும் 360 பாகை ஆகையால், 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கி.மீ. அதை 72-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ.க்கு மிக அருகில் வரும். புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பூமியின் சுற்றளவும் அதுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் எரடோஸ்தனிஸ் செய்த காரியத்துக்கு இதைவிட நுட்பமான கருவி ஏதும் தேவைப்படவில்லை.

ஆயினும் இந்தச் சோதனை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நிழல் சொல்வது உருண்டையைப் பற்றி. சுழற்சியைப் பற்றி அன்று. சூரியன் சுற்றினாலும் நிழல் இப்படியேதான் விழும். சுழற்சியைக் கண்ணுக்குக் காட்ட 1851-இல் பூக்கோ என்பவர் பாரிஸ் நகரத்துப் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர்க் கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டவேண்டியிருந்தது. அந்த ஊசலின் தளம் பாரிஸில் ஒரு சுற்றுத் திரும்ப ஒன்றரை நாள்கூட ஆகாது. பூமத்திய ரேகைக்குப் பக்கமான சென்னையிலோ நான்கு நாட்களுக்கு மேலாகும். எந்த ஊராட்சிப் பள்ளிக் கூரையும் இதற்குப் போதாது. இங்கே குழந்தை கேட்டுத்தான் கொள்ளவேண்டும்.

அவ்வாறு கேட்டுக்கொள்வதைத்தான் சிரத்தை என்ற சொல்லால் பெரியோர் குறித்தனர் என்று நினைக்கிறேன். கடோபநிஷத்தில், கிழப்பசுக்களைத் தந்தை தானம் செய்வதைப் பார்த்து நின்ற நசிகேதன் என்ற சிறுவனுக்குள் சிரத்தை புகுந்தது என்று வருகிறது. புகுந்தவுடன் அவன் செய்த காரியம் வாய்மூடி இருந்தது அன்று, கேள்வி கேட்டது. நையாயிகர் இதற்குக் காரணமும் காட்டுவார்கள். வேதம் சொல்லும் காணாப் பொருளை எப்படி நம்புவது என்பதற்கு அவர்கள் தரும் விடை, ஆயுர்வேதத்தில் சொன்ன மருந்து பலிக்கக் காண்கிறோம், சோதிக்க முடிந்த இடத்தில் மெய் சொன்னவரைச் சோதிக்க முடியாத இடத்திலும் நம்பலாம் என்பதே. வேதத்தைப் பற்றிய அந்த வாதம் யாவருக்கும் உடன்பாடு ஆகாது போகலாம். வாத்தியாரைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் அது அப்படியே பொருந்தும். நிழலை அளந்து டீச்சர் சொன்னது மெய் என்று கண்ட பெண், ஊசலைப் பற்றி அவர் சொல்வதை நம்புவதற்கு நியாயம் உண்டு. தான் உண்ணுமுன் பிறர்க்கு இடும் பாட்டியைத் தினமும் பார்க்கிற குழந்தைக்கு, புண்ணியத்தைப் பற்றி அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளவும் நியாயம் உண்டு. அளந்து பார்க்கவே பழகாத குழந்தைக்கு இரண்டு இடத்திலும் கைப்பிடி இல்லை. எல்லாரையும் நம்பும், அல்லது சற்று வளர்ந்தபின் ஒருவரையும் நம்பாது.

இரண்டாம் வரிசைப் பெண் இவ்வளவோடு விடுவாள் என்று தோன்றவில்லை. பூமி தட்டையாய் இருந்து, சூரியன் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் தொங்கினாலும் இந்த இரண்டு நிழல்களும் இப்படியேதானே இருக்கும் என்று அவள் கேட்கலாம். கேட்டால், அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போது காஷ்மீரத்து ஸ்ரீநகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். சென்னையில் நிழல் மறையும் அதே நாள் உச்சியில், அங்கே ஒரு மீட்டர்க் கோலின் நிழல் தட்டைப் பூமியின் கணக்குப்படி 37 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும், உருண்டையின் கணக்குப்படி 38-க்குச் சற்று அதிகமாகவும் இருக்கும். வெயிலில் நிழலின் ஓரம் மங்கலாகத்தான் விழும். கோலை வெகு கவனமாய் நிறுத்தி, பலமுறை அளந்துதான் அந்த ஒன்றரை சென்டிமீட்டரைப் பிடிக்க முடியும்.