அனுப்பிவிட்டால் போதுமா?

ஒருவன் ஒரு செய்தியை எழுதி அனுப்பிய மாத்திரத்தில் அவனுடைய கடமை தீர்ந்துவிடுமா? இக்கேள்வியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆயர் ஈத்தாம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணி. ஆபீசு ஓரிடம்; வேலைக்காடு வேறிடம். நானும் கங்காணியாரும் பல நாட்கள் முகம் பாராமலே வேலை நடத்துகிறோம். ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதுவதை மற்றவர் ஒழிந்த வேளையில் படிப்பார்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, "நாளைக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதினேன். நான் வேண்டாமென்றது உரம் போடுதலை. அவரோ வேலையே இல்லையென்று கொண்டார். மறுநாள் பன்னிரண்டு பெண்கள் வீட்டில் தங்கினர். "அனுப்பினேன், அவரும் படித்தார், நீலக்குறி விழுந்திருக்கிறதே" என்று நான் நியாயம் பேசினேன். அவர்களுள் மூத்தவர், "கிராணி ஐயா, இன்னும் ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா எங்க ஒரு நாள் கூலி போயிருக்காதே" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை.

ஐயமிருந்தால் கங்காணியார் கேட்டிருக்கலாமே எனச் சிலர் சொல்லக்கூடும். இரவில், மேலுத்தியோகஸ்தரிடம் மறுகேள்வி கேட்க எத்தனைபேர் துணிவர்? அன்றியும், இரவு ஓய்வுக்குரியது. வேலை நேரம் கடந்தபின் வரும் செய்திகளிலிருந்து விலகி நிற்கும் உரிமை பிரான்சில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

நிற்க. 1871-இல் கடலடித் தந்தி சிங்கப்பூரை எட்டிய பின்னரும், தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகையால் மலாயாவிலிருந்த நம் முன்னோர் ஊருக்குத் தபாலிலேயே எழுதினர். பதில் வர வாரங்கள் செல்லும். அதனாலேயே, அனுப்பும் பணத்தில் கடனுக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு என்று பிரித்தெழுதினர். எழுதத் தெரியாதோர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தாயகத்துடன் தபால் அற்றபோது, பதில் வராமையை எவரும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை.

நேரிற் பேசுகிறவன் கேட்பவருடைய முகக்குறிப்பைக் கண்டு தன் சொல்லைத் திருத்திக்கொள்வான். எழுதுகிறவனுக்கு அவ்வுதவி இல்லை. ஆதலால், படிப்பவருக்கு எழக்கூடிய ஐயங்களைத் தானே எண்ணிப்பார்த்து விடையையும் உடனெழுதுதல் அவன் கடமை. அதிகாரம் உடையவனுக்கு இக்கடமை இருமடங்கு. ஏனெனில் அவன் பிழைக்கு நஷ்டப்படுபவர் வேறொருவர்.

பிழை என்னுடையதென்று மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்தேன்; ஆயினும் அக்கூலி திரும்பவில்லை. இப்போதெல்லாம் எந்த வேலை, எந்தக் காடு, யாருக்கு என்று முழுதும் எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்தே அனுப்புகிறேன். அதற்கு ஒரு நிமிஷம் செல்கிறது. பிறருடைய ஒரு நாள் கூலிக்கு முன் அது பெரிதா? யோசித்துப் பாருங்கள்.