பழுதுபார்ப்பவரின் மூச்சு

பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவது நற்பண்பு என்பர். அப்பண்புக்கு உரியவர் யார்? வண்டியை வைத்திருப்பவரா, அதன் அடியிற் கிடந்து அதை ஓடச் செய்பவரா?

1948இல் பிரித்தானியாவில் பிறந்த மொறிஸ் மைனர் இன்னும் இலங்கைத் தெருக்களில் ஓடுகிறது. அதன் ஆயுளைக் காப்பவற்றுள் ஒன்று, எஞ்சினின் அடிக்கட்டைக்கும் தலைக்கும் நடுவே கிடக்கும் கஸ்கட். எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், உயவெண்ணெய் ஆகிய மூன்றையும் கலவாது பிரித்து வைப்பது அதுவே. அது கெட்டால் எண்ணெய் பால் விட்ட கோப்பி போலாகும். நீர் கொதித்து வெளியேறும். புதியதைப் பொருத்துமுன் இரு பரப்புகளையும் சுரண்டித் துப்புரவாக்க வேண்டும். திருகாணிகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல சுற்றுகளில், அளவறிந்து இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் தலை கோணும். டீசல் வண்டியாயின் இன்ஜெக்டரின் அடியில் செப்பு வளையமொன்று இருக்கும். நசுங்கி இறுகிய அவ்வளையத்தைச் செந்தழலாகக் காய்ச்சி நீரில் இட்டால் மீண்டும் மென்மையாகும். எஃகை அவ்வாறு செய்தால் கடினமாகிவிடும். நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் கற்பிக்கும் உலோகவியலைக் கராஜ் தொழிலாளி விரல் நுனியால் அறிந்திருக்கிறார்.

1990களில் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மாற்றிக்கொண்டனர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி உயவெண்ணெயை நீர்க்கச் செய்யும் என்று தெரிந்தே செய்தனர். இதனைப் புத்திக்கூர்மை என்று மெச்சுவோர் உளர். கூர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இல்லாமையை வீரமாக்கும் புகழ்ச்சி எனக்கு உவப்பானதன்று. தடை விதித்தவரின் குற்றம் அப்புகழ்ச்சியின் நிழலில் மறைந்துவிடுகிறது.

சீனன்குடாவைப் பாருங்கள். பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள் 99 அங்கே நிற்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலைக் கண்டவை. பல பத்தாண்டுகள் அவற்றுட் பெரும்பாலானவை காடு மூடிக் கிடந்தன. 14 தாங்கிகளை இந்தியன் ஒயிலின் இலங்கை நிறுவனமும், 24ஐப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும், 61ஐ இரண்டும் கூட்டாகவும் பயன்படுத்துவதென 2022 ஜனவரியில் ஒப்பந்தமாயிற்று. அதே ஆண்டில் மக்கள் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றனர். டொலர் இல்லாமையே அதன் காரணம். தாங்கிகள் சீராக இருந்திருந்தாலும் அவை நிரம்பியிரா. ஆயினும், செப்பு வளையத்தைக் காய்ச்சிப் பயன்படுத்தும் சிக்கனத்தை ஏழைத் தொழிலாளியிடம் எதிர்பார்க்கும் சமுதாயம், அத்தனை இரும்பைத் துருவுக்கு விட்டவர் எவர் என்று கேட்கத் தயங்குகிறது.

இதனினும் கொடிய கணக்கு ஒன்றுண்டு. பழைய கார்களின் கஸ்கட்டுகள் பல, செப்புத் தகடுகளின் நடுவே கல்நார் வைத்துச் செய்யப்பட்டவை. சுரண்டுங்கால் எழும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கும். அவற்றால் வரும் புற்றுநோய் 20, 30 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். பிரித்தானியா கல்நாரை 1999இல் தடைசெய்தது. அங்கே வார்த்த வண்டி இங்கே ஓடுகிறது, தடையோ கப்பலேறவில்லை. வண்டி அரை நூற்றாண்டு நிலைத்ததென்று உரிமையாளர் பெருமைப்படும்போது, அதற்கு எவருடைய மூச்சு செலவாயிற்று என்பது எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை.

சுரண்டுமுன் நனைத்துக்கொள்வதும், காற்றடித்துத் தூசியை ஊதாதிருப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும் பெருஞ்செலவல்ல. கஸ்கட்டின் விலைக்குக் கீழே அதுவும் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். வண்டிக்காரர் அதனைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.