பிறப்புச் சீட்டு எதைச் சொல்லும்?

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் நிற்கும் தொழுகைக் கூடத்திற்குப் ‘பரதேசி’ என்பது பெயர். 1568இல் எழுப்பப்பெற்றது. அதனைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக இம்மண்ணிலேயே பிறந்து, வணிகம் செய்து, மலையாளம் பேசி, இங்கேயே அடக்கமும் ஆயினர். ஆயினும் ‘பரதேசி’ என்னும் பெயர் மட்டும் அகலவில்லை. ஒருவன் எந்த ஊரான் என்பதை அவன் பிறந்த இடம் முடிவு செய்கிறதா, பிறர் வாய் முடிவு செய்கிறதா என்னும் ஐயம், மிளகு மணக்கும் அத்தெருவைக் கடக்குந்தோறும் எனக்கு எழும்.

அரசியலில் இவ்வையம் ஆயுதமாகிவிடுகிறது. தலைவர் ஒருவரை வாதத்தால் வெல்ல இயலாதபோது அவருடைய பிறப்பைத் தோண்டத் தொடங்குகின்றனர். தமிழகத்தில் அதற்கு மிகுதியும் ஆளானவர் எம்.ஜி.ஆர். அவர் 1917 சனவரி 17ஆம் நாள் இலங்கையின் கண்டிப் பகுதியிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். பெற்றோர் பாலக்காட்டைச் சேர்ந்த மலையாளிகள். தந்தையை இழந்தபின் வளர்ந்தது கும்பகோணத்தில். இளம் பருவத்தில் சோறிட்டது நாடகக் கம்பெனி. இவற்றுள் எதுவும் மறைபொருளன்று. ஆயினும் 1972இல் அவர் தனிக்கட்சி கண்டபின், ‘மலையாளி’ என்னும் சொல் மேடைகளில் வசையாக ஒலித்தது. 1977, 1980, 1984 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் மக்கள் தம் விடையைக் கூறினர்.

நாவலப்பிட்டி என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே மலைநாட்டில், நம் மக்களிடம் இதே வினா சட்டமாக வந்து நின்றது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தது மட்டும் போதாது, தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்திலேயே மடிந்தவனுக்குப் பாட்டனின் பிறப்புச் சீட்டு எங்கிருந்து கிடைக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. அவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினர் நம் கேரளத்திலேயே, புனலூர் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே நம்மவர் தாளின்றித் தவித்த காலத்திலேயே, இங்கே நாம் ஒருவருடைய பிறப்பைச் சொல்லி நகைத்துக்கொண்டிருந்தோம்.

பதவிக்கு வருபவரின் அகவையையும் குடியுரிமையையும் சட்டம் கேட்பது முறையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மையை அறியக் கேட்பவன் விடை கிடைத்ததும் அமைவான். அமெரிக்க அதிபர் ஒபாமா 2011 ஏப்பிரல் 27 அன்று தம் முழுப் பிறப்புச் சான்றை வெளியிட்டார். 1961 ஆகத்து 4, ஒனலூலு என்று அதில் தெளிவாக இருந்தது. அதன் பின்னரும் ஐயுற்றோர் வாய் ஓயவில்லை. அவர்கள் கேட்டது தாளையா?

பிறர் குறையை இவ்வளவு எழுதிய பின் என் குறையையும் எழுத வேண்டும். 1977 தேர்தல் வேளையில், மூன்று மாதக் கைக்குழந்தையோடு சொந்த ஊருக்குச் சென்றிருந்தோம். கடைத்தெருக் கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர், “பிறந்த ஊர் எதுவென்று முதலில் சொல்லட்டும்!” என்று முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது, நானும் கைதட்டினேன். கொச்சியில் என்னைப் ‘பாண்டி’ என்று அழைத்தபோதெல்லாம் சினந்தவன் நான் என்பது அக்கணம் நினைவில்லை. என் மனைவி என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “எழுந்திருங்கள், குழந்தைக்குப் பசிக்கிறது” என்றாள்.

அக்குழந்தையின் பிறப்புச் சீட்டு இன்றும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. பிறந்த இடம், மட்டாஞ்சேரி. மாநிலம், கேரளம்.