கோழிக்கு வைக்கும் நீர்

நம் இல்லங்களில் கோழி வளர்ப்பதில்லை. ஆயினும் கிராமத்தில் வாழ்வோர் கோழியைக் காணாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் உள்ள நமது வீட்டின் பின்புறத்தில் குடியிருக்கும் பெண்மணி ஆறு கோழிகள் வைத்திருக்கிறார். காலையில் கூலி வேலைக்குச் சென்றால் பிற்பகலில்தான் திரும்புவார். காகத்துக்கும் குருவிக்கும் என்று கிணற்றடியில் நாம் வைத்திருந்த மண்சட்டியை அக்கோழிகள் கண்டுகொண்டன. அன்று முதல் அது கோழிச் சட்டியாயிற்று.

சென்ற ஆண்டுக் கோடையில் வந்திருந்த நாத்தனார் அதைக் கண்டு கேட்டார்: "அண்ணி, ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் குழம்பாகப் போகிற கோழிகள் இவை. இவற்றுக்கு நீர் வைத்தால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு வாராதா?"

வகுப்பறையில் விடை சொல்லியே பழகிய நமக்கு அன்று விடை உடனே வரவில்லை. கேள்வி எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. நீர் குடித்த கோழி நன்கு வளரும்; வளர்ந்த கோழியே முதலில் அறுபடும்.

வினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூவகையாக நம் அறநூல்கள் பிரிக்கும். கொலையை நாம் செய்யவில்லை, ஏவவில்லை, மனத்தாலும் விரும்பவில்லை. சட்டியை எடுத்துவிட்டால் கொலை நின்றுவிடுமா? நிற்காது. அக்கோழி ஆடி வரை தாகத்தோடு வாழ்ந்து பின்னர் சாகும். பிறர் நாளை செய்யவிருப்பதைக் கண்டிப்பதாக எண்ணிக்கொண்டு, இன்று நம் கையால் ஒரு துன்பம் செய்தவராவோம், அவ்வளவே. அகிம்சை அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து குறைகளை எண்ணும் தத்துவார்த்த சூத்திரம், கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிச் சுமை ஏற்றுதல் ஆகியவற்றோடு உணவையும் நீரையும் தடுத்தலையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நாள்தோறும் நம் வாயிலுக்கு வந்து பழகிவிட்ட உயிரை நம் பொறுப்பில் இல்லாதது என்று தள்ள மனம் ஒப்பவில்லை.

ஆனால் நீர் வைத்ததோடு கடமை முடிந்ததா? அங்கேதான் நாம் தவறினோம்.

கோழிக்கு வியர்வை கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்போது உடலின் நீர் ஆவியாகிவிடும். வளர்ந்த கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் நீர் பருகும். கத்திரி வெயிலில் அது இருமடங்கும் ஆகும். எனவே ஆறு கோழிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை வேண்டும். சூடேறிய நீரை அவை நாடா. ஆகவே சட்டி நிழலில் இருத்தல் வேண்டும். அதன் விளிம்பு கோழியின் முதுகளவு உயரத்தில் இருக்குமாறு செங்கல் மேல் வைத்தால், கிளறும் மண்ணும் எச்சமும் நீரில் விழுவது குறையும். இவ்வளவும் கோடையில் தவறாமல் செய்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கும் நீர் நிற்கும்போது சட்டி எதற்கு என்னும் அசட்டை நம்மிடம் புகுந்தது. எச்சம் கலந்த குட்டை நீரே கழிச்சல் நோயைப் பரப்பும் என்பதை அறிந்தும், காஞ்சிபுரத்து உறவினர் இல்லத்துக்குப் புறப்பட்டபோது சட்டியை நிரப்பி வைத்துவிட்டு, "இது போதும்" என்று சென்றோம். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினால் சட்டி பாசி பிடித்திருந்தது. நீர் முழுதும் கொசுப்புழுக்கள் நெளிந்தன. விட்டால் அவை கொசுவாகித் தெருக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் கொண்டுவரும், கொட்டினால் மடியும். நெடுநேரம் நின்றிருந்து, கடைசியில் கொட்டினோம். கோழிக்காக நாத்தனார் அஞ்சிய பாவம் புழுக்களின் வடிவில் நம்மையே வந்தடைந்தது. பிழை கொட்டிய கணத்தில் இல்லை. கவனியாது விட்ட ஒன்பது நாளில் இருந்தது.

வடிகட்டிய நீருக்கும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் என்று நம் முன்னோர் எல்லை வகுத்ததன் உட்பொருள் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. தூய்மை ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. அதற்கும் கெடு உண்டு. கருணைக்கும் அவ்வாறே.

இப்போது குடத்துக்கு வடிகட்டும் துணியாலேயே சட்டிக்கும் வடிகட்டுகிறோம். காலையும் மாலையும் நீரை மாற்றுகிறோம். கொசுமுட்டை சட்டியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பிழைத்திருக்கும். ஆகையால் நாள்தோறும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறோம். அவ்வாறு பேணும் சட்டியில் கொல்லப்படுவதற்கென ஓர் உயிர் தோன்றுவதில்லை. சொல்வதினும் செய்து காட்டுவதே கற்பித்தல் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் பெற்ற பாடம். பின்வீட்டுப் பெண்மணியின் மகள் உடனிருந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். நாம் ஊரில் இல்லாத நாளில் அவளே மாற்றுகிறாள்.

இவ்வாண்டு ஆடியில் ஆறு கோழிகளுள் இரண்டு வரவில்லை. நாத்தனாரின் கேள்வி மீண்டும் நெஞ்சில் குத்தியது. இன்னும் முற்றிலும் ஆறிவிடவில்லை. மறுநாள் விடியலில் சட்டியைக் கழுவி நீர் வைத்தோம். மற்ற நான்கும் வந்து குடித்தன.