பச்சையும் பற்றும்

சென்ற ஆடி மாதம், சென்னையில் பணிபுரியும் நம் பெயர்த்தி இரண்டு நாள் விடுப்பில் சேத்துப்பட்டுக்கு வந்திருந்தாள். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தபோது, தன் கைப்பேசியில் ஓர் ஓவியத்தைக் காட்டினாள். விரித்த உள்ளங்கை, அதன் நடுவே அறவாழி. நம் இல்ல வாயில்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் காணும் அடையாளந்தான். "நல்லா வரைஞ்சிருக்கே" என்றோம். "இதைத்தான் பாட்டி, கையில பச்சை குத்திக்கப் போறேன்" என்றாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் குறித்து, முன்பணமும் செலுத்திவிட்டிருந்தாள். மாதிரிப் புத்தகத்தில் உள்ள படமன்று, இவளுக்கென்றே வரையப்பட்டது. ஆழியின் ஆரக்கால்கள் மிக நெருங்கியிருந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல மை பரவி ஒரே கறையாகிவிடும் என்று கூறி, இருபத்து நான்கைப் பன்னிரண்டாக்கித் தந்திருந்தார் ஓவியர். அது மட்டும் நம் கண்ணுக்கு உடனே பட்டது. "தீர்த்தங்கரர் இருபத்து நால்வராயிற்றே, மீதிப் பன்னிருவர் எங்கே?" என்று கேட்டோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, நமக்கு வரவில்லை. முடிவில், "நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன், பாட்டி" என்றாள்.

நாம் "வேண்டாம்" என்றோம். "ஏன்?" என்றாள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற பாடங்களுள் ஒன்று, குழந்தையிடம் கூடாது என்று சொல்லுமுன் காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது. பல ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்த நமக்கு அன்று கையில் காரணம் ஏதுமில்லை. அதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பச்சை குத்துதல் அயல்நாட்டு வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. நம் சிறு வயதில் அறுவடை முடிந்த நாட்களில் குறத்தியர் தெருவுக்கு வருவார்கள். சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அண்டை வீட்டுப் பெண்களின் முன்கையில் புள்ளிக்கோலம் குத்துவார்கள். வலி தெரியாதிருக்கப் பாடுவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்த மை செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி எரிப்பார்கள். அதன் புகைக்கரியை மண்பானையில் பிடித்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். கரிய மைதான் தோலுக்கடியில் பசுமையாய்த் தெரியும், ஆகவே பச்சை. பின்னர் 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கையில் கட்சிக்கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டதும், கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் நம் வயதினர்க்கு நினைவிருக்கும். பிறர் சொல்லிக் குத்திக்கொள்வது வேறு, தானே விரும்பிக் குத்திக்கொள்வது வேறு. நம் பெயர்த்தியை எவரும் ஏவவில்லை.

அவள் தேர்ந்த அடையாளமும் பழையதன்று. மகாவீரர் வீடுபேற்றின் 2500ஆம் ஆண்டு 1974–75இல் கொண்டாடப்பட்டபோது, எல்லாப் பிரிவினரும் ஒப்பி ஏற்றுக்கொண்ட சின்னத்தின் கீழ்ப்பகுதி அது. அன்று பள்ளிச் சுவரில் அதைச் சுண்ணத்தால் வரைந்த மாணவிகளை மேற்பார்த்தவர்களுள் நாமும் ஒருவர்.

அப்படியாயின் தடை யாது? நமக்கு முதலில் தோன்றியது, "அகிம்சையை ஊசியால் எழுதலாமா?" என்ற கேள்வி. அழகான கேள்வி என்றே எண்ணியிருந்தோம். அவள் அமைதியாக, "ஊசி என் உடம்பிலதானே குத்துது? நீங்க தை மாசக் கல்யாணத்துக்கு எடுத்து வச்சிருக்கற பட்டுல எத்தனை உயிர் போயிருக்கும் பாட்டி?" என்றாள்.

ஆரணிப் பட்டுத்தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் விடை தெரியாததன்று. எண்ணிப் பார்க்க விரும்பாதது. கூட்டுக்குள் உறங்கும் புழு அந்தாகி வெளிவந்தால் கூடு துளைபட்டு இழை அறும். அறாத இழை வேண்டுமெனில், அது வெளிவருமுன் வெப்பத்தால் கொன்று, கூட்டை வெந்நீரில் இட்டு நூலை உருவ வேண்டும். ஒரு சேலைக்கு இத்தகைய கூடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். நெசவாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்தம் பிள்ளைகள் நம்மிடம் படித்தவர்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. இல்லறத்தாரின் கொலையை ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நான்காகப் பகுத்த நம் முன்னோர், சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வனவற்றை இயன்றவரை குறைக்கச் சொல்லி, எண்ணிச் செய்வதை மட்டும் அறவே விடச் சொன்னார்கள். பட்டுடுத்தல் இவற்றுள் எதில் அடங்கும்? நாம் கொல்லவில்லை, ஆனால் கொலை நிகழும் என்று அறிந்தே, தேவையின்றி, அழகுக்காக வாங்கினோம். அந்து பறந்த பின் கூட்டை நூற்கும் முறையை ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜய்யா உருவாக்கினார். அகிம்சைப் பட்டு என்ற பெயரில் அது விற்கிறது என்பதைப் படித்தும் இருக்கிறோம். படித்ததோடு சரி.

ஊசிக்கேள்வியை அன்றே கைவிட்டோம். தன் உடலில் தான் ஏற்கும் வலி பிற உயிர்க்குச் செய்யும் தீங்கன்று. நோன்பிலும் வலி உண்டு. ஆனால் மையைப் பற்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமை இருந்தது. கருமையில் சிலவற்றுக்கு எலும்புக்கரி அடிப்படை. மையைக் குழைக்கும் கிளிசரின் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். சில மைகளில் அரக்கு சேர்கிறது; அது அரக்குப் பூச்சியிடமிருந்து பெறுவது. குத்திய பின் தடவும் களிம்புகள் பலவற்றில் தேன்மெழுகும் ஆட்டு உரோமக் கொழுப்பும் உண்டு. தேனை நாவில் வைக்காத வீட்டுப்பெண் தேன்மெழுகைப் புண்ணில் பூசுவாளா? இது அவளுக்குத் தோன்றாதிருந்தது. அன்றிரவே ஓவியருக்கு எழுதிக் கேட்டாள். விலங்குப் பொருள் சேராத மை தம்மிடம் உண்டென்றும், பெட்டியின் மேலுள்ள குறிப்பைக் காட்டுவதாகவும் அவர் விடையளித்தார். ஆரக்கால் இருபத்து நான்கும் வேண்டுமெனில் படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றும் சொன்னார். ஊசியை உறை பிரித்து அவள் கண்முன்னே எடுக்க வேண்டும் என்பதையும் நாம் சேர்த்துக் கேட்கச் சொன்னோம். பிறர் குருதி பட்ட ஊசியால் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும்.

இனி நம் மனத்தில் நெடுநாள் நின்றது, அழியாமை பற்றிய ஐயம். உடல் வேறு, உயிர் வேறு என்று நாள்தோறும் ஓதும் நாம், விட்டுச் செல்லப்போகும் உடலில் விடாத அடையாளம் ஏன் இடவேண்டும்?

பச்சை எப்படி அழியாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள முயன்றோம். மேல்தோல் ஓயாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. மை அங்கே நின்றால் சில வாரங்களில் போய்விடும். ஊசி அதைக் கீழடுக்கில் சேர்க்கிறது. உடலைக் காக்கும் உயிரணுக்கள் அந்த மைத்துகளை அயற்பொருள் என்று கருதி விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த அணுக்களே நிலையாக இருந்து மையைத் தாங்குகின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2018இல் பிரான்சு நாட்டு மார்செய் நகர ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மையை விழுங்கிய அணு இறக்கிறது, மை வெளிப்படுகிறது, உடனே புதிய அணு வந்து அதே மையை விழுங்கிக்கொள்கிறது. தாங்குபவை மாறிக்கொண்டேயிருக்க, படம் மட்டும் மாறாதது போல் தோன்றுகிறது. (இந்த ஆய்வு எலிகளின் வாலில் பச்சை குத்திச் செய்யப்பட்டது. அதையும் அறிந்தே இங்கு எடுத்தாள்கிறோம், மனம் உறுத்தாமலில்லை.)

இதைப் படித்தபோது பொன்னூர் மலைதான் நம் நினைவுக்கு வந்தது. அம்மலையில் திருவடி பதித்த குந்தகுந்தர், சமயசாரத்தில் வினைக்கட்டை விளக்க ஓர் உவமை தருகிறார். உடலெங்கும் எண்ணெய் பூசிய ஒருவன் புழுதி நிறைந்த இடத்தில் படைக்கலப் பயிற்சி செய்கிறான், புழுதி ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் பூசாதவன் அதே இடத்தில் அதே பயிற்சியைச் செய்கிறான், ஒட்டவில்லை. ஒட்டச் செய்தது பயிற்சியன்று, புழுதியுமன்று, எண்ணெய். பற்றே அந்த எண்ணெய். வினையும் என்றோ ஒருநாள் ஒட்டி அப்படியே கிடப்பதன்று. பயன் தந்து உதிர்கிறது. உதிரும் நேரத்திலேயே விருப்பு வெறுப்பால் புதியதைக் கட்டிக்கொள்கிறோம். நிலைத்திருப்பது கறையன்று, மீண்டும் மீண்டும் பற்றுகிற செயல். உவமையை மிகையாக இழுக்கக் கூடாதென்பதை அறிவோம். உடலணுவுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. எனினும் நம் ஐயம் அதோடு இடம் மாறியது. அவள் கையில் மை இருப்பது கேள்வியன்று. அதை நாளும் எந்த எண்ணத்தோடு பார்ப்பாள் என்பதே கேள்வி. "நான் அகிம்சைக்காரி" என்று பிறர்க்குக் காட்டப் பார்த்தால் அது மானம் என்னும் கசாயம். கைநீட்டி ஒன்றை எடுக்குமுன் தயங்கப் பார்த்தால் அது வேறு. நம் பெட்டியில் கிடந்த பட்டும் பிறர்க்குக் காட்டவே கிடந்தது.

இவற்றையெல்லாம் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். "அப்போ சரியா, தப்பா பாட்டி?" என்று கேட்டாள். "சரி என்று சொல்லமாட்டோம், தடுக்கவும் மாட்டோம். இடுப்புக்குக் கீழே மட்டும் வேண்டாம்" என்றோம். முன்கையின் உட்புறம் என்றாள்.

குத்திக்கொண்ட நான்காம் நாள், ஒரு வாரம் தங்குவதற்கு வந்தாள். கை சிவந்து சற்றே வீங்கியிருந்தது. அது அலங்காரம் என்பது மறைந்து, புண் என்பதே நம் கண்ணில் நின்றது. பழைய வழக்கப்படி மஞ்சள் அரைக்கப் போனோம். "அதெல்லாம் போடக் கூடாதாம் பாட்டி" என்று தடுத்துவிட்டாள். கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு, மணமற்ற மென்சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு காலையும் மாலையும் கழுவி, தூய துணியால் ஒற்ற வேண்டும், தேய்க்கலாகாது. தேன்மெழுகு கலவாத களிம்பை மிக மெல்லிதாகத் தடவ வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ அமிழ்ந்து குளித்தல் ஆகாது; வெயிலும் ஆகாது. தளர்ந்த பருத்தியாடையே உடுத்தினாள். சிவப்பு பரவினாலோ சீழ் கட்டினாலோ காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். நல்லவேளை, அவ்வாறு நேரவில்லை. ஜினாலயத்துக்கு வந்தாள், கசிவு நிற்கும்வரை அபிடேகப் பாத்திரங்களைத் தொடவில்லை. அது அவளாகவே மேற்கொண்டது.

ஆறாம் நாள் அரிப்பு தொடங்கியது. மெல்லிய பொருக்குகள் எழுந்து உரிந்தன. அவற்றைப் பிய்த்தால் மையும் சேர்ந்து போய் ஆரக்கால் நடுவே வெள்ளை விழும். இரவில் தூக்கத்தில் அவள் விரல் அங்கே செல்லும். நாம் விழித்திருந்து கையை எடுத்துவிடுவோம். எழுபது வயதுக்கு மேல் பெயர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு வந்ததே என்று உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்கவில்லை. மேற்புறம் ஆற மூன்று வாரங்களாயின. உள்ளே முழுதும் ஆறச் சில மாதங்கள் செல்லுமாம். இருபத்து நான்கு ஆரக்கால்களையும் எண்ணிப் பார்த்தோம். ஒன்று சற்று மங்கல்.

நாம் முன்னரே எண்ணிப் பாராத ஒரு செலவும் உண்டு. பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டுக்குக் குருதிக்கொடை அளிக்கக் கூடாது என்பது நம் நாட்டுக் குருதி வங்கிகளுக்கான நெறிமுறை. கல்லூரி நாள் முதல் மகாவீரர் பிறந்தநாள் முகாமில் தவறாமல் குருதி அளித்து வந்தவள் அவள். ஔஷத தானத்தில் ஓராண்டு குறைந்துவிட்டதை அறிந்தபோதுதான் அவள் முகம் வாடியது. வலித்தபோதுகூட அவ்வளவு வாடவில்லை. வரும் முகாமில் பதிவு மேசையில் அமரப் பெயர் கொடுத்திருக்கிறாள். தைத் திருமணத்துக்கு நாம் பருத்திச் சேலை எடுத்துவிட்டோம். பெட்டியிலுள்ள ஐந்து பட்டுகளை என்ன செய்வதென்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.