பிடித்ததும் பிடிக்காததும்: ஓவியத்தின் முன் அராகம்

ஓர் ஓவியத்தின் முன் நிற்பவர் முதலில் சொல்வது "பிடித்திருக்கிறது" அல்லது "பிடிக்கவில்லை" என்பதுதான். இந்தத் தொடரின் இலக்கணமே கவனிக்கத் தக்கது. "நான் இந்தப் படத்தைப் பிடிக்கிறேன்" என்று எவரும் சொல்வதில்லை. "எனக்கு இந்தப் படம் பிடிக்கிறது" என்பதே வழக்கு. எழுவாய் படம். பார்ப்பவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். சளி பிடிப்பதும் பேய் பிடிப்பதும் இதே வினைச்சொல்லால்தான். விருப்பம் என்பது ஒருவர் செய்வதன்று, அவருக்கு நேர்வது என்றே மொழி கருதுகிறது. நேர்வது எதனால்? அது படத்தைப் பற்றிய அறிவா, பார்ப்பவரைப் பற்றிய செய்தியா? பழைய ஓவியங்களின் முன் இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. சிகிரியாவையும் சித்தன்னவாசலையும் பற்றிய தீர்ப்பு முன்பே வந்துவிட்டது. பார்ப்பவர் அதற்குத் தலையாட்டினால் போதும். சமகால ஓவியரின் படத்துக்கு அந்தத் துணை இல்லை. பார்ப்பவரிடம் இருப்பது தம் விருப்பு வெறுப்பு மட்டுமே.

சைவ சித்தாந்தம் விருப்பத்துக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் கொடுத்திருக்கிறது. முப்பத்தாறு தத்துவங்களில் வித்தியா தத்துவங்கள் ஏழு. அவற்றுள் கலை, வித்தை, அராகம், காலம், நியதி ஆகிய ஐந்தும் உயிருக்குச் சட்டைபோல் அமைவதால் பஞ்ச கஞ்சுகம் எனப்படும். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குச் செயலாற்றலைச் சிறிது விளக்குவது கலை. அறிவாற்றலை விளக்குவது வித்தை. விழைவை எழுப்புவது அராகம். எதன்மேல் விழைவு எழும் என்பது அவரவர் கன்மத்தைப் பொறுத்தது. ஒருவர் வினைப்பயன் அவரையே சேருமாறு வரையறுப்பது நியதி. ஆகவே ஒரே படம் ஒருவரைக் கட்டி நிறுத்துவதும் அடுத்தவரை முகம் சுளிக்க வைப்பதும் சித்தாந்திக்கு வியப்பல்ல. இருவரும் வெவ்வேறு சட்டை போட்டிருக்கிறார்கள்.

சித்தாந்த நூல்கள் ஓவிய ரசனையைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே கலை என்பது சித்திரமோ சங்கீதமோ அன்று. ஆனாலும் அடுக்கின் வரிசை சிந்திக்க வைக்கிறது. வித்தைக்குப் பின்னரே அராகம் எண்ணப்படுகிறது. அறியாததை விழைய இயலாது. கோட்டுக்கும் வண்ணத்துக்கும் பழகாத கண் புதிய படத்தை வெறுப்பதில்லை, அதைக் காண்பதே இல்லை. "பிடிக்கவில்லை" என்று சொல்லப்படுவதில் பாதி, உண்மையில் "பிடிபடவில்லை" என்பதுதான். இலங்கையில் சாதாரண தர வகுப்புச் சித்திரப் பாடத்தில் வரைதலோடு ரசனையும் சேர்ந்திருப்பது இந்த வகையில் சரியே. விருப்பத்தைக் கற்பிக்க முடியாது. விருப்பம் எழுவதற்கு வேண்டிய அறிவைக் கற்பிக்கலாம்.

இதற்கு நேரெதிரே விருப்பத்தையே ஒதுக்கித் தள்ளியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், முத்துக்குமாரசுவாமியின் மகன், 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைத் தொகுப்பைப் பேணியவர். கலைப்பொருள் ஒரு பயனுக்காக, ஒரு கருத்தை உணர்த்துவதற்காகச் செய்யப்படுவது. அது நன்றாகச் செய்யப்பட்டதா, சொல்ல வந்ததைச் சொல்கிறதா என்பவையே கேட்கத் தக்க கேள்விகள். தனக்குப் பிடித்திருக்கிறது என்பது விமரிசனமே அன்று என்பது அவர் நிலை. இதற்குச் சுக்கிரநீதியையும் துணைக்கு அழைத்தார். மனத்துக்கு இனியதே அழகு என்பார் சிலர். அறிந்தோர்க்கோ சாத்திர அளவுக்கு இயைந்ததே அழகு என்கிறது அந்நூல். தெய்வ உருவம் குறையுடையதாயினும் நன்மை தரும், மனித உருவம் எவ்வளவு நேர்த்தியாயினும் தராது என்றும் அது சொல்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு சொன்னவரின் சொந்த விருப்பு வெறுப்புகள் மிகக் கூர்மையானவை. தம் காலத்து ஓவியரான ரவி வர்மாவை அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1906இல் ரவி வர்மா இறந்த பிறகு எழுதிய கட்டுரையில், அவருடைய தெய்வங்கள் நாடக மேடைப் பாத்திரங்கள்போல் இருக்கின்றன என்ற தொனியில் கடுமையாகவே எழுதினார். அவனீந்திரநாத் தாகூரையும் நந்தலால் போஸையும் உயர்த்திப் பிடித்தார். இதற்கு அவர் காட்டிய காரணங்கள் கொள்கை சார்ந்தவை. ஆயினும் காரணம் முன்பு வந்ததா வெறுப்பு முன்பு வந்ததா என்று கேட்க இடமுண்டு. மக்கள் தீர்ப்போ வேறாக அமைந்தது. ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கி ஊரூராகக் கொண்டுசென்ற இலட்சுமியும் சரசுவதியும், பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த நாட்காட்டித் தெய்வங்களும் தமிழர் வீடுகளின் சாமியறைகளில் குடியேறின. அங்கே அவை ஓவியமாகப் பார்க்கப்படவில்லை. குமாரசுவாமி விரும்பியபடியே, ஒரு பயனுக்காக வைக்கப்பட்ட பொருள்களாயின!

அழகியல் நூலோர் விருப்பத்தை வேறு விதமாக அணுகினர். ரச அனுபவத்துக்கு இடையூறுகள் ஏழு என வகுத்த அபிநவகுப்தர், பார்ப்பவர் தம் சொந்த இன்ப துன்பத்தில் மூழ்கியிருப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தன் துயரத்தை மறந்தவனுக்கே சோகச் சுவை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இப்படி நிபந்தனை போடவில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டையும் சமமாக நிறுத்துகிறது. இவற்றுள் நான்கேனும் எவரும் விரும்பித் தேடாதவை. இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவை களன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒரு படம் அருவருப்பூட்டியது என்பதும் படம் பிடிக்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து தெளிவாகும். முன்னது படம் செய்த வேலை. பின்னது அந்த வேலையை ஏற்க மறுப்பது.

இந்த வேறுபாடு ஈச்சிலம்பற்றுப் போன்ற ஊரில் ஏட்டளவில் நிற்பதில்லை. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகலாறு கடலைத் தேடும் பகுதியில் உள்ள ஊர் இது. 2004இல் ஆழிப்பேரலை. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதை அடுத்து மூண்ட சண்டையில் இங்குள்ள மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தனர். இத்தகைய ஊரில் சொந்தத் துயரம் இல்லாத பார்வையாளர் எங்கிருந்து வருவார்? ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முழுமையற்ற தோம்பு' என்ற நூல் இங்கே நினைக்கத் தக்கது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேர் தாம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதைக் கட்டடக் கலைஞர் அளவுப்படமாக்கினார். சனாதனன் அவற்றோடு தம் சித்திரத்தையும் சேர்த்தார். வரையத் தெரியாத கைகளின் கோணல் கோடுகளே அந்த நூலின் உயிர். விட்டுவந்த வளவு ஒன்று உள்ளவர் அதைப் புரட்டும்போது பிடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ள மாட்டார். கிணறு எந்தப் பக்கம் என்று தேடுவார். அபிநவகுப்தர் கணக்கில் அது இடையூறு. தொல்காப்பியர் கணக்கில் அது இழவால் வந்த அழுகை, குறையற்ற மெய்ப்பாடு. இந்த இடத்தில் தொல்காப்பியரே நெருக்கமானவர்.

இனிச் சமய உருவங்கள். ஈச்சிலம்பற்றுக்கு அண்மையில் ஆற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் முருகனுக்குப் பெயரே சித்திரவேலாயுதர். கிழக்கிலங்கையின் திருப்படைக் கோயில்களுள் ஒன்றான வெருகல் கோயிலுக்கு வருபவர், உருவம் நன்றாக அமைந்திருக்கிறதா என்று மதிப்பிட வருவதில்லை. ஆகம முறையில் நயனோன்மீலனம் என்னும் கண்திறப்பு நடக்கும் வரை சிலை சிற்பியின் வேலை. அதில் பிழை சொல்லலாம், திருத்தலாம். கண் திறந்து குடமுழுக்கும் ஆனபின் பார்வையின் திசையே மாறிவிடுகிறது. வந்தவர் பார்ப்பதைவிட, தம்மைத் தெய்வம் பார்ப்பதையே நாடுகிறார். சமகால ஓவியரின் திரைச்சீலைக்கு இந்தச் சடங்கு கிடையாது. அது என்றைக்கும் கண் திறக்காத உருவம். ஆகவே அதன்மேல் விருப்பும் வெறுப்பும் முடிவில்லாமல் தொடரலாம்.

கண் திறந்த மூர்த்தியையும் ஓவியரின் படத்தையும் குழப்பிக்கொண்டதன் விளைவை ஓவியர் மக்பூல் ஃபிதா ஹுசைன் வாழ்வில் காணலாம். அவர் 1970களில் கோட்டுச் சித்திரமாக வரைந்த சரசுவதி, இருபது ஆண்டு கழித்து 1996இல் ஓர் இந்தி இதழில் வெளியானபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் பெருகின. 2006இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 2008 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அவர்மேல் இருந்த சில வழக்குகளைத் தள்ளுபடி செய்தும் அவர் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றார். 2011இல் இலண்டனில் இறந்தார். அந்தக் கோடுகள் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பக்தருக்கு அது மனத்தாங்கலாக இருந்ததும் பொய்யன்று. ஆனால் கண் திறவாத ஒரு தாளை மூலத்தானத்து மூர்த்தியாகக் கொண்டு, தம் அராகத்தைத் தெய்வத்தின் கோபமாகப் பேசியதில் சித்தாந்தமும் இல்லை, ஆகமமும் இல்லை.

அப்படியானால் பக்குவப்பட்ட உயிருக்கு எந்தப் படமும் பிடிக்காமலும் வெறுக்காமலும் போய்விடுமா? சித்தாந்தம் இருவினையொப்பு என்றொரு நிலையைச் சொல்கிறது: நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் உயிர் ஒரே மனநிலையில் நிற்பது. மலம் பக்குவப்படும் மலபரிபாகமும் அருள் பதியும் சத்திநிபாதமும் இதனோடு சேர்த்துச் சொல்லப்படும். இது மரத்துப்போன நிலை அன்று. இன்பம் இன்பமாகவும் துன்பம் துன்பமாகவும் தெரியும். அவற்றின் பின்னால் உயிர் ஓடாது. ஓவியத்தின் முன் இதற்கு ஒரு சிறு நிழல் உண்டு. பிடிக்காத படத்தின் முன்னும் சற்றுக் கூடுதலாக நிற்பவர், தம் வெறுப்பை மறுக்காமலே அதைப் படத்திலிருந்து பிரித்துப் பார்க்கிறார். பிடித்த படத்தின் முன் அதைச் செய்வது இன்னும் கடினம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு (1933–2000) தம் மாணவர்களிடம் உண்டாக்கியது ஏறக்குறைய இந்தப் பழக்கத்தையே எனலாம். மாற்கு வடிவங்களை உடைத்து வரைந்தவர். ஆனால் அவரிடம் பயின்றவர்கள் ஒரே பாணியில் வரையவில்லை. மட்டக்களப்பில் பெண்களின் துயரத்தையும் வலுவையும் வரைந்த வாசுகியின் கோடு வேறு, நிலாந்தனின் கோடு வேறு. குருவின் விருப்பம் சீடரின் சட்டையாகவில்லை. மாற்குவின் படைப்புகள் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தன. 1987இல் அவருக்காக வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரில் அவரைப் பற்றிய எழுத்துகள் எஞ்சியுள்ளன. அழிந்துபோன படங்களைப் பொறுத்தவரை, பார்த்தவர்களின் விருப்பும் வெறுப்பும் மட்டுமே இன்று அவற்றுக்குச் சாட்சி.