பழைய துணி வாங்குவதில் விவேகம்



பிறர் உடுத்திய துணியை விலைக்கு வாங்கி உடுத்துவது தாழ்வல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் மேனியில் முதன்முதல் படுவது கடையில் எடுத்த பட்டா? பாட்டியின் பழஞ்சேலையைத் துவைத்துக் கிழித்த துணி அல்லவா? அது உறங்கும் தூளியும் தாயின் பழைய சேலைதானே? அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதில் யாரும் வெட்கப்படுவதில்லை.

அந்நியர் துணியோடு தரித்திரமும் ஒட்டிக்கொண்டு வரும் என்பது வீண் நம்பிக்கை. ஒட்டிக்கொண்டு வருவது அழுக்கு மட்டுமே. அது வெந்நீருக்கும் வெயிலுக்கும் போய்விடும். வட்டிக்குப் பணம் வாங்கி எடுத்த புத்தாடையோடு வருகிற கடனோ, எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

ஆகையால், வாங்கலாமா என்பதல்ல கேள்வி. வாங்கப் புறப்படுமுன் என்ன யோசித்தோம் என்பதே கேள்வி. விவேகம் என்னும் புண்ணியத்தின் முக்கியமான பாகம் வருவதை முன்கூட்டி நோக்குதல் என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் போதித்தார். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. இன்று இங்கிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். சம்பளத்துக்கு நாள் உண்டு. செலவு நாள் பார்த்து வருவதில்லை என்கிறோம். ஆனால் துணிச் செலவைப் பொறுத்தமட்டில் அது உண்மையா? ஜூனில் பள்ளி திறக்கும். ஐப்பசியில் மழை பிடிக்கும். டிசம்பரில் திருநாள் வரும். பிள்ளையின் கால்சட்டை ஆறு மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறும். இவற்றில் எது நமக்குத் தெரியாமல் வருகிறது?

எனவே வீட்டிலேயே ஒரு பட்டியல் எழுதுங்கள். அதில் துணியின் பெயரை அல்ல, ஆளின் பெயரை முதலில் எழுதுங்கள். அவருக்கு எது இருக்கிறது, எது கிழிந்தது, எத்தனை அங்குலம் வேண்டும் என்பதை அப்புறம் எழுதுங்கள். பழைய துணியில் சட்டைக்குள் போட்ட அளவுச் சீட்டை நம்பலாகாது, துவைத்துச் சுருங்கியிருக்கும். ஆகவே அளவு நாடாவை மறவாமல் கொண்டுபோங்கள். வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாகவும், கீழ்மடிப்பில் பிரித்துவிட இடம் உள்ளதாகவும் பாருங்கள்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையைப் பலர் அறிவீர்கள். பிற்பகல் ஷிப்ட் வரும் வாரத்தில் காலையிலேயே போய்விடலாம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அக்குள், முழங்கை, தொடைத் தையல் ஆகிய இடங்களைப் பாருங்கள். நைந்தது அங்கேதான் தெரியும். பட்டியலுக்கு வேண்டிய பணத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மலிவு ஒரு தந்திரக்காரன். ஐம்பது ரூபாய்தானே என்று பத்துத் துணி வாங்கினால் ஐந்நூறு ரூபாய் போயிற்று. பட்டியலில் இருந்த ஒரு துணியோ இன்னும் வாங்கியபாடில்லை.

ஆளை நினையாத துணி என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்தது. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கிய பிறகு, நாகப்பட்டினம் கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. அனுப்பியவர்களின் இரக்கம் மெய்யே. ஆனால் உடுத்தப்போகிறவர் யார், அவர் என்ன உடுத்துவார் என்று பலர் எண்ணவில்லை. குவியல் குவியலாகத் துணி சாலையோரத்தில் கிடந்து மண்ணாயிற்று. பின்னாளில் தூர் நகரத்து மேற்றிராணியாரான அர்ச். மார்த்தீன், போர்வீரனாயிருந்தபோது, தம் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியைக் கொடுத்தார் என்பது பாரம்பரியம். அதுவும் உடுத்திய துணிதான். ஆனால் குளிரில் நடுங்கிய ஒருவன் அவர் கண்முன் நின்றான். அதனால் அந்தப் பாதித் துணி வீணாகவில்லை.

இன்னும் ஒன்று யோசிக்க வேண்டும். புதிது வாங்கச் சக்தியுள்ளவர் பழையது வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், சிக்கனம் பாவமல்ல. ஆனால் சந்தையில் நமக்குப் பின்னால் ஒரு தாய் நிற்கலாம். நமக்கு மூன்றாவது ஸ்வெட்டராகப் போவது, அவள் மகனுக்கு ஒன்றே ஒன்றாக இருக்கலாம். பட்டியலில் இல்லாததை நாம் விட்டுவந்தால், அவள் கைக்கு அது எட்டும். விற்கிறவருக்கும் வயிறு உண்டு. நாலு வார்த்தை பேசி விலை குறைப்பது வழக்கம்தான், அவருக்கு நஷ்டம் வருமட்டும் அடித்துப் பேசுவது நீதியல்ல.

அடுத்த சம்பள நாளுக்குமுன் ஒரு மாலை, வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து அலமாரியைத் திறவுங்கள். உள்ளதை எண்ணுங்கள், இல்லாததை எழுதுங்கள். எவருக்கும் பயன்படாமல் மடித்துக் கிடப்பதைத் துவைத்து, பொத்தான் தைத்து, அது பொருந்தும் ஓர் ஆளை நினைத்துக்கொண்டு எடுத்து வையுங்கள். அந்தப் பெயரும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.